பேச்சைக் குறைத்த தங்கச்சி

மணியக்காவுக்கு அந்தப் பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் துணிமணி முதல் துடைப்பம் வரை விற்கும் ஒரு பெரிய நிறுவனத்தில் அவள் வேலை பார்த்தாள். வாடிக்கையாளர்களின் கைபேசியில் 'டிங்' என்று மணியடித்து, அவர்களைத் திரும்பக் கடைக்குள் இழுத்து வருவதற்கென்றே அங்கே ஒரு குழு இருந்தது. அதற்கு அவள்தான் தலைமை. யாருக்கு எப்போது மணியடித்தால் கை தானாகக் கைபேசிக்குப் போகும் என்பது அவளுக்கு அத்துப்படி. சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்குகிற நேரம் ஒருவருக்கு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அப்பாடா என்று உட்காருகிற நேரம் இன்னொருவருக்கு. குழுவிலிருந்த இளசுகள் மணியக்கா, மணியக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. வீட்டில் கணவர்கூட, கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார். அவர் பல் டாக்டர். கோபத்தைக்கூட வாயை அதிகம் திறக்காமல் காட்டுகிற மனுஷன்.

வேலையில் அவள் கொடிகட்டிப் பறந்தாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். சம்பளம் ஏறியது, நாற்காலி ஏறியது, கூடவே ரத்த அழுத்தமும் ஏறியது. சாப்பாட்டு மேசையில் அவளுடைய தட்டுக்குப் பக்கத்தில் கைபேசியும் ஒரு விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கும். மகள் பள்ளிக்கூடக் கதை சொன்னால், "ம்... ம்..." என்று தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டல் கதைக்கா கைபேசிக்கா என்று மகளுக்கு நன்றாகவே தெரியும்.

அப்படி இருக்கும்போது ஒருநாள், வெளியூரில் தனியாக இருக்கும் அவள் அம்மா கூப்பிட்டாள்.

"ஏம்மா, உங்க கம்பெனில யாரோ ஒரு பிள்ளை எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்துச்சு. 'எங்களை மறந்துட்டீங்களா?'ன்னு கேட்டுச்சு. பாவம், என்ன கஷ்டமோ. 'மறக்கல கண்ணு, சாப்பிட்டியா?'ன்னு பதில் போட்டேன். அதுக்கப்புறம் சத்தத்தையே காணோம். வேலை நேரத்துல பேசிச்சுன்னு யாராவது திட்டிட்டாங்களா அதை?"

மணியக்காவுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அந்த வரியை எழுதியதே அவள்தான். அதை எழுதிய அன்று அலுவலகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் தன் அம்மாவைக் கூப்பிட்டு இப்படி ஒரு வார்த்தை கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தால், நினைவுக்கே வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சொல்லும்மா, திட்டிட்டாங்களா?"

"அந்தப் பிள்ளை நல்லாத்தாம்மா இருக்கு. சாப்பிட்டுச்சு. நீ சாப்பிட்டியா?"

இதனால் மறுநாளே அவள் ராஜினாமா செய்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். மாதச் சம்பளக்காரர்கள் அவ்வளவு சுலபத்தில் துறவி ஆகிவிட மாட்டார்கள். நிறுவனத்தில் வருஷத்துக்கு ஒருநாள் சமூக சேவை நாள் என்று ஒன்று உண்டு. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன் கொடுத்து, பஸ்ஸில் ஏற்றி எங்கேயாவது கொண்டுபோய் இறக்குவார்கள். புகைப்படம் எடுத்ததும் திரும்பக் கூட்டி வந்துவிடுவார்கள். அந்த வருஷம் அவர்கள் போன இடம், நடுவயதில் பார்வை போனவர்களுக்கு மறுபடி தனியாக நடமாடக் கற்றுக்கொடுக்கும் ஒரு சின்ன நிலையம். அங்கே இவர்களுக்குக் கொடுக்கப்பட்ட சேவை, சுவரில் பூ வரைவது.

பார்வை இல்லாதவர்களின் சுவரில் பூ! அதை யார் யோசித்தார்களோ, அவர்களுக்குத்தான் வெளிச்சம். மணியக்கா நாற்காலி மேல் ஏறி நின்று, முழங்கை வரை சாயமாக ஒரு பெரிய பூவை வரைந்துகொண்டிருந்தபோது, நிலையத்தின் தலைவி கோலைத் தட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவளும் பார்வை போனவள்தான். முன்பு வானொலியில் செய்தி வாசித்தவள். வயது மணியக்காவின் வயதுதான் இருக்கும்.

"என்ன கலர்ங்க?"

"மஞ்சள் மேடம்."

"பிரமாதமா இருக்கு," என்றாள் தலைவி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "இன்னும் ரெண்டு இலை சேத்து வரைங்க. மொட்டையா தெரியுது."

மணியக்கா திருதிருவென்று முழித்தாள். பிறகு இருவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடி, அவள் விழாமல் தப்பியதே பெரிது. சாயங்காலம் பஸ் கிளம்பும்போது அவள் ஏறவில்லை. தலைவியின் அறையில் உட்கார்ந்து, என்ன செய்கிறீர்கள், எப்படிச் செய்கிறீர்கள், ஆள் வேண்டுமா என்று துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கணவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்."

அவர் நுரையோடு திரும்பினார். நிதானமாக வாயைக் கொப்பளித்தார். துண்டால் துடைத்தார்.

"நீ வேலையை விடறதைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. வேலை உன்னை விடுமா, அதைச் சொல்லு."

மகள் கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, அப்போ இனிமே சாப்பிடறப்ப ஃபோன் பாக்க மாட்டியா?" என்றாள். அந்தக் கேள்விக்கப்புறம் பேச என்ன இருக்கிறது?

பழைய மேலாளர் நல்லவர். "ஆறு மாசம் போய் இருந்து பாரு. உன் சீட் காலியாவே இருக்கும். சரிப்படலைன்னா திரும்பி வந்துடு," என்றார். நிலையத்தின் தலைவியும் ஆறு மாதம்தான் தவணை கொடுத்தாள். "எங்களுக்கு நீங்க சரிப்படுவீங்களான்னு தெரியணும். உங்களுக்கு இங்க மனசு ஒட்டுதான்னும் தெரியணும்." மனசு ஒட்டுவதற்கு ஆறு நாள்கூட ஆகவில்லை. இந்த இடத்துக்கு ஏற்றவள்தானா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தெரியாமல் அவள் தவித்தாள். பொழுதுபோக்குக்கு வந்தவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு பழைய நாற்காலிக்குத் திரும்ப அவளுக்குத் துளியும் விருப்பமில்லை.

நிலையம் என்றால் பெரிய கட்டடம் எதுவும் இல்லை. கீழே ஒரு கூடம், ஒரு சமையலறை. மாடியில் இரண்டு அறைகள். வெளியே ஒரு இரும்புக் கேட். கேட்டைத் தாண்டினால் சைக்கிள் பழுது பார்க்கும் கடை, மருந்துக்கடை, பேக்கரி, அதற்கப்புறம் சிக்னல், பஸ் நிறுத்தம். நடைப் பயிற்சி கொடுப்பவர் முன்பு பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். எல்லோருக்கும் அவர் பி.டி. சார். வெள்ளைக்கோலை எப்படி வலம் இடமாக வீசித் தட்டுவது, ஓரக்கல்லை எப்படித் தொட்டுக்கொண்டே போவது, வண்டிச் சத்தத்தை வைத்து எப்படிச் சாலையைக் கடப்பது எல்லாம் தொண்டை கிழியக் கத்திக் கற்றுக்கொடுப்பார்.

பயிற்சிக்கு வந்தவர்களில் மணியக்காவுக்கு மிகவும் பிடித்துப்போனவர் லாரி அண்ணன். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். சர்க்கரை நோயில் கண் போயிற்று. மலை மாதிரி உடம்பு, குழந்தை மாதிரிப் பயம். துணிக்கடையில் வேலை பார்க்கும் மகள் தினமும் காலையில் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டுவிட்டு ஓடுவாள். சாயங்காலம் மூச்சிரைக்க வந்து கூட்டிப் போவாள்.

"நாடு பூரா ஓட்டினவன் தங்கச்சி நான்," என்பார். "இப்ப கேட்டுலேர்ந்து சைக்கிள் கடை வரைக்கும் ஓட்டறதுக்கே உதறுது." ஆனால் பயந்து பயந்தாவது சைக்கிள் கடை வரை தனியாகப் போய்வந்துகொண்டுதான் இருந்தார்.

மணியக்காவுக்குக் கை துறுதுறுத்தது. தனக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் இறக்கி ஒரு செயலி செய்தாள். தெருக் கம்பங்களில் அனுமதி வாங்கி, தீப்பெட்டி அளவில் சின்னச் சின்னக் கருவிகளை ஒட்டினாள். சட்டைப் பையில் கைபேசி, ஒரு காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு நடந்தால் போதும், எந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்று செயலிக்குத் தெரிந்துவிடும். உடனே பேசும். குரலுக்கு வேறு ஆள் தேட வசதி இல்லாததால், தன் குரலையே பதிவு செய்தாள். "இப்ப சைக்கிள் கடை... கொஞ்சம் வலது பக்கம் வாங்க... பள்ளம் இருக்கு, பாத்து... சபாஷ்! கலக்கிட்டீங்க!" காலையில் எழுந்ததும், "இன்னைக்கு நடக்க வரலையா? தெரு உங்களைத் தேடுதே!" என்று ஒரு மணி. விடாமல் தொடர்ந்து வருகிறவர்களுக்குச் சிறப்புக் கைதட்டல்.

நிலையமே தலைகால் புரியாமல் ஆடியது. இளையவர்கள் அந்தக் குரலை அக்கா என்றார்கள், லாரி அண்ணன் தங்கச்சி என்றார். சபாஷ் வாங்குவதற்காகவே எல்லோரும் தவறாமல் வந்தார்கள். பி.டி. சாருக்குத் தொண்டை தேறிவிட்டது. கூடத்தில் உட்கார்ந்து நிம்மதியாகத் தேநீர் குடித்தார். மணியக்கா மாதக் கூட்டத்தில் ஒரு வரைபடத்தைக் காட்டினாள்.

"எப்படி இருக்குங்க?" என்றாள் தலைவி.

"மலை மாதிரி ஏறுது மேடம். ஒருத்தர்கூட விட்டுப் போகல!"

"அடேயப்பா," என்றாள் தலைவி. அவளும் உச்சி குளிர்ந்துதான் போயிருந்தாள். இதைச் சொல்லியே ஆக வேண்டும், பின்னால் வந்த பழியை ஒருத்தி தலையில் மட்டும் கட்டக் கூடாது.

தவணை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு மத்தியானம் மணியக்கா மாடி ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி அண்ணன் பேக்கரியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். நடையில் ஒரு மிடுக்கு. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. சைக்கிள் கடைக்கு முன்னால் திடீரென்று நின்றார். நின்றவர் நகரவில்லை. கோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். காதில் இருந்ததைத் தட்டிப் பார்த்தார். சைக்கிள் கடைக்காரர் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் மாடி வரை கேட்கிறது. நிலையத்தின் கேட் கிரீச்சிடும் சத்தமும் கேட்கிறது. அவருக்கு மட்டும் எதுவும் கேட்காதது மாதிரி, நடைபாதை நடுவில் நின்று நடுங்கினார்.

மணியக்கா படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

"அண்ணே! என்னாச்சு அண்ணே?"

"தங்கச்சி பேசமாட்டேங்குது," என்றார். குரல் உடைந்திருந்தது. "சார்ஜ் போயிடுச்சு போலிருக்கு. தங்கச்சி சொல்லாம நான் எப்படிம்மா போறது?"

செயலி வருவதற்கு முன்பு அதே இடத்தில் அவர் தனியாக நடந்துகொண்டிருந்தவர். அது நினைவுக்கு வந்ததும் மணியக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவரைக் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டு நேராகத் தலைவியின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

தலைவி கேட்டாள்: "பயிற்சி முடிஞ்சு கடைசியா இங்கேர்ந்து கிளம்பறவங்க என்ன சொல்வாங்க தெரியுமா?"

"போயிட்டு வரேன்னு சொல்வாங்க."

"இல்ல. வெளிய எல்லா இடத்துலயும் அப்படித்தான் சொல்லணும். இங்க மட்டும், தனியா நடக்கக் கத்துக்கிட்டவங்க 'போறேன்'னு சொல்லிட்டுப் போகணும். அது எங்க வழக்கம். திரும்பி வர வேண்டிய அவசியம் இல்லைன்னு அர்த்தம். அந்த ஆப் வந்ததுலேர்ந்து ஒருத்தர்கூட அதைச் சொல்லல. நானும் கவனிக்கல பாருங்க. எல்லாரும் வர்றாங்க, வர்றாங்கன்னு நானும் சந்தோஷப்பட்டுட்டேன்."

மணியக்காவுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. கடையை விட்டு வந்தாளே தவிர, கடைப் புத்தியைக் கூடவே கொண்டுவந்திருக்கிறாள். ஆட்களைத் திரும்ப வரவைப்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வித்தை. அந்த வித்தை இங்கேயும் அமோகமாகப் பலித்துவிட்டது.

அன்று வீட்டில் கணவரிடம் சொல்லிவிட்டாள். "அந்த அண்ணன் ஆப் இல்லாம தனியா நடக்கணும். நடக்கலைன்னா நான் பழைய ஆபீசுக்கே போயிடறேன். இன்னொருத்தர் காலைக் கட்டிப்போட்டுட்டு எந்த முகத்தோட அங்க உக்காருவேன்?"

"கட்டினது நீதானே, அவிழ்க்கவும் உனக்குத்தான் தெரியும்," என்றார் பல் டாக்டர். "பல்லுக்குக் கம்பி கட்டறோம். காலம் பூரா கட்டி வைக்கவா கட்டறோம்? கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்தி, ஒருநாள் கழட்டிடறது இல்லையா?"

மனுஷன் வருஷத்துக்கு ஒருமுறை உருப்படியாகப் பேசுவார். அந்த வருஷத்துக்கு இதுதான். மணியக்கா ஓடிப்போய்க் கணினியைத் திறந்தாள்.

ஆட்களைத் திரும்ப வரவைக்க அவள் எவ்வளவு மூளையைக் கசக்கியிருப்பாளோ, அவ்வளவையும் இப்போது தன் வாயை மூடுவதற்குக் கசக்கினாள். காலை மணியை எடுத்தாள். சிறப்புக் கைதட்டலை எடுத்தாள். ஒருவர் ஒரு திருப்பத்தைச் சரியாகத் திரும்பிவிட்டால், அடுத்தமுறை அந்த இடத்தில் செயலி பேசாது. தெரிந்த இடம் கூடக் கூடப் பேச்சு குறையும். "இப்ப என்ன சத்தம் கேக்குது, சொல்லுங்க" என்று மட்டும் அவ்வப்போது கேட்கும். பி.டி. சார் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு மறுபடி தெருவில் இறங்கிக் கத்த ஆரம்பித்தார். அவருக்கும் குற்ற உணர்ச்சி.

முதலில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். "தங்கச்சிக்கு என்மேல கோவமா?" என்று லாரி அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் குரல் ஓய ஓய, தெரு பேச ஆரம்பித்தது. காற்றடிக்கும் சத்தம் வந்தால் சைக்கிள் கடை. ரொட்டி வாசனை வந்தால் பேக்கரி. ஒருநாள் அவரே, "சும்மா இரு தங்கச்சி, லாரி வருது, கேக்க விடு," என்று செயலியை அதட்டினார். அதைக் கேட்டு மணியக்கா மாடியில் தனியாக நின்று குதித்தாள்.

கடைசி நடைக்கு நாள் வந்தது. கேட்டிலிருந்து சிக்னல் தாண்டிப் பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்ப வேண்டும். செயலி கிடையாது. பயிற்சி கொடுத்தவர் பின்னால் போகலாம், ஆனால் மூச்சுவிடக் கூடாது.

"நீங்க பின்னாடி போங்க," என்றார் பி.டி. சார் மணியக்காவிடம். "நான் எதிர்ப்பக்கம் வரேன். வாயைத் திறந்தீங்க, அப்புறம் நடக்கறதே வேற."

வாழ்க்கையில் அவள் அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. மருந்துக்கடை வாசலில் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே நின்றது. ஐயோ என்று கத்த வந்ததைக் கையால் பொத்திக்கொண்டாள். அவர் கோலால் தொட்டார், சக்கரம் என்று புரிந்துகொண்டார், லாரியைத் திருப்புகிற மாதிரி நிதானமாகச் சுற்றிக்கொண்டு போனார். சிக்னலில் நின்று, வண்டிகள் அடங்கும் வரை காது கொடுத்துக் கேட்டு, சாலையைக் கடந்தார். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பஸ் நிறுத்தத்தை அடைந்ததும் இனித் திரும்புவார் என்று அவள் மூச்சு விட்டாள். அப்போது ஒரு பஸ் வந்து நின்றது. அவர் யாரிடமோ ஏதோ கேட்டார். ஏறிவிட்டார். பஸ் போய்விட்டது.

மணியக்கா நடைபாதையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். எதிர்ப்பக்கத்தில் பி.டி. சார் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். இருவரும் விழுந்தடித்து நிலையத்துக்கு ஓடி வந்தார்கள். கூப்பிட்டுப் பார்த்தால் அவர் எடுக்கவில்லை. தலைவியின் அறையில் மேசை நடுவில் கைபேசியை வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

ஒருவழியாக அது அடித்தது.

"தங்கச்சி, வீட்டுல இருக்கேன். டீ போட்டுக் குடிச்சிட்டு இருக்கேன்."

"அண்ணே! உயிரே போயிடுச்சு எங்களுக்கு! ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏறக் கூடாதா?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்தாச்சு, பஸ்ஸு நம்ம வீட்டுப் பக்கம் போகுது, ஏறாம திரும்பி நடக்கறது என்ன கணக்கு? நேரா டிரைவருக்குப் பின் சீட்டுல உக்காந்தேன். அந்த ஆளு கியர் போடற லட்சணத்தைக் கேக்கணுமே, காது கூசிப்போச்சு!"

அறையே சிரித்தது. லாரி அண்ணன் கொஞ்சம் தயங்கினார்.

"இன்னொண்ணு தங்கச்சி. கோச்சுக்கக் கூடாது. பஸ்ஸுல உக்காந்தபடியே, ஃபோன் படிச்சுச் சொல்லச் சொல்ல, அந்த ஆப்பை அழிச்சிட்டேன். நல்ல பொண்ணுதான் அது. ஆனா இனிமே எனக்கு எதுக்கு?"

பழைய அலுவலகத்தில் ஒருவர் செயலியை அழித்தால், ஏன் அழித்தார், எப்படி இழந்தோம் என்று கதவைச் சாத்திக்கொண்டு மாரடிப்பார்கள். அப்படி மாரடித்த கூட்டங்களுக்கெல்லாம் தலைமை தாங்கியவள் மணியக்கா. இப்போது அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கண்ணெல்லாம் நீர், வாயெல்லாம் பல்.

"மேடம், அழிச்சிட்டாராம்! ஆப்பை அழிச்சிட்டாராம் மேடம்!"

"எனக்குக் காது நல்லாவே கேக்குதுங்க," என்றாள் தலைவி. ஆனால் அவளும் மேசையைத் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். "போய் உங்க மேனேஜருக்கு ஃபோன் போடுங்க. அந்த நாற்காலியில வேற யாரையாவது உக்கார வைக்கச் சொல்லுங்க."

மணியக்கா அந்த ஃபோனைப் பேசி முடித்தாள். கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தையல்காரம்மா கோலை எப்படிப் பிடிப்பது என்று பழகிக்கொண்டிருந்தாள். அவளுக்காகச் செயலியின் முதல் வரியைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. மணியக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"வணக்கங்க. நான் உங்ககூடக் கொஞ்ச தூரம்தான் வருவேன்."